நாலு விரல் தாழ்ந்த வீடு

வீடுன்னா என்னன்னு எனக்குக் கிளாஸ் எடுக்க ஒருத்தரு பதினொரு மணிக்கு வாராராம், வரட்டும், அந்த ஆளு வந்து சேருறதுக்குள்ள இந்தக் கசிவ நான் அடைக்கலைன்னா என் பேர மாத்திக்கிடுதேன்னு, படகுக்க வயித்துக்குள்ள ஒருக்களிச்சுக் கெடந்த டெல்பின் கொட்டாப்புளிய ஓங்கி உளித்தலையில ஒரு போடு போட்டா. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தேங்காத்தும்பு ஒரு நூல் உள்ள போச்சு. இன்னொரு போடு. தலைக்கு மேல ஒரு முழம் உசரத்துல தரைப்பலகை, அதுக்கு மேல அம்மை நடக்குற சத்தம், அங்கயிருந்து இங்க, இங்கயிருந்து அங்க, ஒரு பாத்திரத்த வைக்கிறா, அதையே எடுக்கிறா, மறுபடி வைக்கிறா. இடுப்புக்குக் கீழ ரெண்டு விரல் தண்ணி. நாலு நாளா இதே ரெண்டு விரல். காலையில கோரி ஊத்துனா சாயங்காலம் வந்துரும், கோவிச்சுக்கிட்டுப் போன சொந்தக்காரன் மாதிரி, சொல்லாம கொள்ளாம. வாறவரு ஆர்.ஐ. தாணுமாலயன், ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, கையில ஒரு ஃபாரம் இருக்கும். கூரை, சுவர், தரை, வாசல்னு கட்டம் கட்டமா கேட்டுட்டு கடைசியில ஒரே ஒரு வரி: குடியிருக்கத் தகுந்த வீடா, ஆம், இல்லை. ஆம்னு எழுதிட்டா இந்தப் படகுக்குக் கதவு நம்பர், கரண்டு, இந்தக் கால்வாய்க் கரையிலயே இருந்துக்கிடலாம், அப்பா நடந்து போயி கடல்ல எறங்கலாம். இல்லன்னு எழுதிட்டா ஏழு நாள்ல கட்ட அவுத்துட்டு, மலையடிவாரத்துல கட்டிப் போட்டிருக்குற நாலு மாடிக் கட்டடத்துக்குப் போயிரணும், கடலுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். "மலையில போயி நான் என்னத்தப் பிடிக்க, பல்லியா?"ன்னு நேத்து சோத்துக்கு முன்னால உக்காந்து அப்பா கேட்டாரு. யாரும் சிரிக்கல. டெல்பினுக்குச் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டா, அடக்குனது இப்ப உளியில எறங்குது. தகுதி. என்ன தகுதி. பரீச்சை எழுதியா வீட்டுக்குள்ள போறோம். கான்கிரீட் போட்ட எங்க வீட்டுக்குத் தகுதி இருந்துது சார், நம்பரும் இருந்துது, ஏழு பார் நூத்திப் பன்னெண்டு, நீலத் தகட்டுல வெள்ளை எழுத்து, இப்பப் போயி பாருங்க, அந்த நம்பருக்கு மீனுதான் குடியிருக்கு. இத அப்படியே சொல்லணும். இல்ல, இது வேண்டாம், இதச் சொன்னா அம்மை அழுதிருவா. வேற சொல்லணும். மூணு வருசமா சட்டம் படிக்கிறா, நாக்கு இருக்கு, ஆனா வாதத்த அடுக்க அடுக்க ஒண்ணுக்கு மேல ஒண்ணு சரியுது, தும்பு மாதிரி, இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் துருத்துது.

அசையும் சொத்து, அசையாச் சொத்துன்னு ரெண்டு உண்டுன்னு ரெண்டாம் வருசத்துல பாடம் எடுத்த சார் போர்டுல கோடு போட்டு எழுதுனாரு. இந்தப் பக்கம் வண்டி, மாடு, படகு. அந்தப் பக்கம் நிலம், வீடு. டெல்பின் எந்திரிச்சா. "சார், எங்க வீடு அசையாச் சொத்துன்னு பத்திரத்துல இருந்துது. அது அசைஞ்சு கடலுக்குள்ள போயிட்டு. இப்ப அது எந்தப் பக்கம் சார்?" கிளாஸே திரும்பிப் பாத்துது. சார் சாக்பீஸ உருட்டிக்கிட்டே நின்னாரு. "உக்காரும்மா, இது பரீச்சைக்கு வராது." பரீச்சைக்கு வராதது எல்லாம் எங்க வீட்டுக்கு வரும் சார், அலை மொதக்கொண்டு. அத அன்னைக்குச் சொல்லல. சொல்ல வேண்டியது எல்லாம் அவளுக்கு ஹாஸ்டல் படியேறும்போதுதான் தோணும். ஹாஸ்டல்ல பவதாரிணி, பக்கத்துக் கட்டில், நல்ல பிள்ளைதான், ஆனா வாயத் தொறந்தா வெளங்காது. "ஐயோ டெல்பின், ஹவுஸ்போட்டா வாங்கிருக்கீங்க? ஹனிமூன் மாதிரி இருக்குமேப்பா!" ஹனிமூன் மாதிரி என்ன, ஹனிமூனேதான். கேரளாவுல டூரிஸ்ட்டுகள ஏத்தி ஏத்தித் தேஞ்சு, இனி ஓடாதுன்னு கழிச்சுப் போட்ட படகு இது. வந்து சேந்த அன்னைக்கு உள்ள எட்டிப் பாத்தா, கட்டில் கெடந்த எடத்துக்கு மேல உத்தரம் முழுக்கக் கண்ணாடி. அம்மை அண்ணாந்து பாத்தா. கண்ணாடிக்குள்ள இருந்து அம்மை குனிஞ்சு அம்மையப் பாத்தா. "இது எதுக்கு, மக்ளே, மேல கண்ணாடி? படுத்துக்கிட்டா தலை சீவுவாங்க?" அப்பா இருமிக்கிட்டே வெளிய போயிட்டாரு. மறுநாளே அம்மை அந்தக் கண்ணாடி மேல திருஇருதய ஆண்டவர் படத்த வச்சு நாலு பக்கமும் மறைச்சுட்டா. இப்ப இந்த வீட்டுல ஆண்டவரப் பாக்கணும்னா மல்லாந்து படுக்கணும். ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல நிரந்தர முகவரின்னு ஒரு வரி. ஒரு வாரம் அந்த வரிய வெறுமனே வச்சிருந்தா. அப்பொறம், பவதாரிணி தூங்குன நேரம் பாத்து, பழைய நம்பரையே எழுதிட்டா. பொய். சட்டம் படிக்கிறவ எழுதுன பொய். அந்தப் பொய்ய நினைச்சா இப்பவும் காதுமடல் சுடுது. ஆனா ஒண்ணு, அது பொய்யின்னா, கடலுக்குள்ள கெடக்குற வீட்டுக்கு இன்னும் வரி நோட்டீஸ் அனுப்புறாங்களே, அது என்ன, அது மட்டும் உண்மையா?

கையில பட்ட அண்டி எண்ணெய் எரியுது. முந்திரித்தோடு பிழிஞ்சு எடுக்குற எண்ணெய், கருப்புன்னா கருப்பு, தோல்ல பட்டா தோல உரிச்சிரும், பலகையில பட்டா பலகைய நூறு வருசம் காக்கும். அம்மை பதினேழு வருசம் அண்டி ஆபீசுல தோடு ஒடச்சவ, விரல் பத்தும் கரிக்கட்டை. ஆதார் எடுக்கப் போன எடத்துல ரேகை விழல. "ரேகை இல்லாம எப்படிம்மா?"ன்னு அந்தப் பய கேட்டான். அன்னைக்கு டெல்பின் போட்ட சண்டையில க்யூவுல நின்னவங்க எல்லாம் கை தட்டுனாங்க. இந்தப் படகுக்கு எண்ணெய் அடிக்க ஆள் கூப்பிடலாம்னு அப்பா சொன்னதுக்கு அம்மை, "என் கையத் தின்ன எண்ணெய் தானே, எனக்குப் பழக்கம் உண்டு, தள்ளு"ன்னு சொல்லி, மூணு மாசம் கரையேத்திப் போட்டிருந்த படகுக்கு அடிமுதல் நுனிவரைக்கும் தனியா அடிச்சா. அப்படி வெறி அம்மைக்கு. வெறின்னா, போன ஆனி மாசம் பாத்திருக்கணும். மத்தியானம், சோறு கொதிச்சுக்கிட்டு இருக்கு, பின்பக்கச் சுவரு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி சாஞ்சுது, சாஞ்ச எடத்துல கடல். ஆளுக்கு ஒண்ணத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. முன்பக்கச் சுவரு மட்டும் ரெண்டு நாள் தனியா நின்னுது, வாசல் நிலையும் கதவுமா, உள்ள போனா கடல், வெளிய வந்தா தெரு. ரெண்டாம் நாள் அம்மை கடப்பாரையோட நாலு ஆம்பிளைகளக் கூட்டிக்கிட்டு வந்தா. "எம்மா, பீரோவ எடுப்போம்"ன்னு டெல்பின் கத்துனா. "பீரோ கடையில கெடைக்கும்"னுட்டு அம்மை, ஒரு அலைக்கும் மறு அலைக்கும் நடுவுல, அந்த நிலையப் பேத்தெடுத்தா. அயினிமரம், அம்மையும் டெல்பினும் சேத்து ஆறு பேரு சுமந்தாங்க. பீரோ போச்சு. அதுக்குள்ள டெல்பினுக்க பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட்டும் போச்சு. ரொம்ப நாள் அதுக்கு அம்மைக்கிட்டப் பேசல. பேசல என்ன, பேசுனா, குத்திக் குத்திப் பேசுனா.

"எளா! ஆச்சா?" தரைப்பலகை இடுக்குல அப்பாக்க கண்ணு ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. "அடியில நல்லாப் பாரு. தண்ணி அடியிலருந்துதான் வரும்." அப்பா கிளீட்டஸுக்கு நாப்பது வருசம் கடல்தான் தெரியும், கடல்ல ஃபைபர் படகுதான் தெரியும், ஃபைபர் அடியில கல்லுல ஒரசிக் கீறும், அதனால எல்லா ஓட்டையும் அவருக்கு அடியிலதான். "ஒரு மணிக்கூரா அடியிலதான் கெடக்கேன்"னா டெல்பின். "இன்னும் அடியில போகணும்னா கால்வாய்க்குள்ளதான் போகணும்." "வாயி மட்டும் எட்டு ஊருக்குக் கேக்கும்"ன்னு கண்ணு போயிட்டு. போன பொறகு சத்தம் இல்ல. சத்தம் இல்லாட்டித்தான் கேக்குது, காதுக்குப் பக்கத்துல, ஒரே ஒரு பலகைக்கு அந்தப்புறம், தண்ணி நாக்கச் சொழட்டுற சத்தம். க்ளக். க்ளக். இத யாருக்கிட்டயும் சொன்னதில்ல: அவளுக்குப் பயம். ஹாஸ்டல்ல அந்த ஒடுக்கமான கட்டில்ல படுத்தா, அடியில மூணு மாடி சிமெண்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வருது. லீவுக்கு வந்து இங்க படுத்தா, பெருமூச்சு விடுமோ, இதுவும் ஒரு பெருமூச்சு விடுமோன்னு காதத் தீட்டிக்கிட்டே கெடக்கா. ஊரு முழுக்க, எங்க வீடு, எங்க வீடுன்னு சண்டை போடுறவளுக்கு வீட்டுக்குள்ள தூக்கம் இல்ல. இத மட்டும் அந்த ஆர்.ஐ. கேட்டாருன்னா? நீ இதுல நிம்மதியாத் தூங்குவியாம்மான்னு ஒரு கேள்வி கேட்டாருன்னா? கேக்க மாட்டாரு. அவங்க ஃபாரத்துல தூக்கத்துக்குக் கட்டம் கெடையாது. வேற எங்க வேணும்னாலும் கூரை இருக்கும், தரை இருக்கும், அந்த மலையடிவாரக் கட்டடத்துல எல்லாம் இருக்கும், அப்பா மட்டும் இருக்க மாட்டாரு, பால்கனியில ஒரு நாற்காலி இருக்கும், அதுல அப்பா மாதிரி ஒருத்தரு உக்காந்து வெயில் எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. வேண்டாம். பயத்தோடயே இங்க கெடப்பேன். பயந்தா போகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

முழங்கையில ஒரு சொட்டு விழுந்துது. குளிர்ச்சி. உளிய இன்னொரு தரம் வைக்கப் போனவ நிறுத்துனா. சொட்டு விழுந்துது. அடியில இருக்குற தண்ணி எப்படி மேல இருந்து முழங்கையில விழும்? இன்னொண்ணு. போன் டார்ச்ச மேல திருப்புனா. அடிப்பலகையில இல்ல, தோளுக்கு நேரா, பக்கச்சுவர்ல, மூணாவது பலகைக்கும் நாலாவது பலகைக்கும் நடுவுல ஒரு கோடு மினுங்குது, பல்லுக்கடியில இருந்து வழியுற எச்சி மாதிரி, வழிஞ்சு வளைவுக்கட்டை மறைவுல எறங்கி, சத்தம் காட்டாம அடியில போயி சேருது. அடப்பாவி. ஒரு மணிக்கூரா நல்ல பலகையப் போட்டு அடிச்சிருக்கேன். அந்த எடத்துல எப்படி? அது தண்ணிக்கு மேலல்லவா இருக்கணும். இருக்கணும். காலையில கரையில கால் கழுவும்போது பாத்தாளே, படகுக்க வெளிப்பக்கத்துல பழைய வெள்ளைக்கோடு ஒண்ணு உண்டு, தண்ணி எது வரைக்கும்னு காட்டுறது, அது காணல. கண்ணு பாத்துது, மண்டை பாக்கல. கோடு முங்கிட்டு. நாலு விரல். படகு கரைப்பக்கமா நாலு விரல் தாழ்ந்திருக்கு. கரைப்பக்கம் என்ன இருக்கு? வாசல் இருக்கு. வாசல்ல என்ன இருக்கு? ஆறு ஆளு சுமந்த நிலை இருக்கு, நாலு நாளைக்கு முன்னாலதான் வச்சது. "படகுக்கு எதுக்கும்மா நிலை, நாம என்ன யானையா வளக்கப் போறோம்?"னு கத்துனது டெல்பின்தான். "வாசல் இல்லாததுக்குள்ள நான் சோறு பொங்க மாட்டேன்"ன்னு அம்மை. இப்பப் பாரு, அந்த நிலைக்க பாரத்துல, இது வரைக்கும் தண்ணியே பாக்காத பலகை தண்ணிக்குள்ள எறங்கிருக்கு. மூணு மாசம் வெயில்ல காஞ்ச பலகை. அதுவும் போதாதுன்னு, நாலு நாளா அம்மை சிரட்டைக்கனல் சட்டிய இந்த ஓரத்துல வச்சு, ஈரத்தக் கண்டா பேயக் கண்ட மாதிரி, தொடச்சுத் தொடச்சு, காய வச்சுக் காய வச்சு. கடல் வீட்டத் தின்னதுலருந்து ஒரு சொட்டுத் தண்ணி தரையில நிக்கக்கூடாது அம்மைக்கு. காயக் காய வாயப் பொளக்குது பலகை. பொளந்த வாயி வழியாத் தண்ணி வருது. தண்ணி வரவர அம்மை காய வைக்கா.

டெல்பின் மல்லாந்தா. அந்தக் கதவு. அதே நிலையில மாட்டிருந்த அதே அயினிக் கதவு. ஐப்பசி மழையில ஊதி, நிலையோட இறுகிப் பிடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்தா தொறக்காது. அப்பா தோளால ஒரு இடி இடிச்சாத்தான் தொறக்கும். நூல் உள்ள போகாது, அப்படி இறுகும். பங்குனி வெயில்ல அதே கதவுக்க இடுக்குல தெரு தெரியும். படகும் அயினிதான். இதுக்குத் தும்பு இல்ல மருந்து. தண்ணிதான் மருந்து. குடிக்க விடணும். குடிச்சு ஊதட்டும், ஊதி தன் வாயத் தானே மூடட்டும். நாளைக்கோ மறுநாளோ மூடும். ஆனா பதினொண்ணுக்கு மூடாது. பதினொண்ணுக்கு இன்னும் என்ன உண்டு, பத்து நிமிசம்.

தரைப்பலகையத் தள்ளிக்கிட்டு தலைய வெளிய நீட்டுனா. அம்மை கனல்சட்டியோட நின்னா, அப்பா பாயோட நின்னாரு. "பாய விரிச்சு மறைச்சிரலாம், அந்த ஆளு அஞ்சு நிமிசம்தான் நிப்பாரு"ன்னாரு அப்பா. "மறைக்காண்டாம்"னா டெல்பின். "அம்மா, அந்த நெருப்பத் தூக்கி வெளிய போடு. சாக்கு இருக்குல்லா, நாலு சாக்க நனைச்சு எடு. நல்லா சொட்டச் சொட்ட." அம்மைக்க முகம் வெளுத்துட்டு. "வீட்டுக்குள்ளயா? தண்ணியவா?" "வீட்டுக்குள்ளதான். பலகை தாகத்துல கெடக்கு. நம்ம கதவு ஐப்பசியில என்ன செய்யும், சொல்லு பாப்போம்." அம்மை அவளப் பாத்தா. அப்பொறம் திரும்பி நிலையப் பாத்தா. "இறுகும்"னா. "இப்பவா நனைக்கணும், அவரு வாற நேரத்துல? புத்தி கித்தி கெட்டுப் போச்சா பிள்ளைக்கு"ன்னு அப்பா பாயத் தரையில எறிஞ்சாரு. "நீங்க பாய விரிச்சு ஒளிச்சா, ஒளிச்சு வச்ச வீடுன்னு ஆயிரும். நான் ஒளிக்க மாட்டேன். ஒழுகுது, ஆமா, ஒழுகுது, எங்க வீடு, நாங்க அடைச்சுக்கிடுவோம்." அம்மை அதுக்குள்ள சட்டிக் கனலக் கால்வாய்ல கவுத்துட்டா. சொய்ங்குன்னு ஒரு சத்தம். நாலு சாக்கு வந்துது, கருத்த விரல்ல தண்ணி வடிய வடிய. டெல்பின் மறுபடி உள்ள எறங்கி, மினுங்குற கோட்டு மேல சாக்க வச்சு அழுத்துனா, கட்டைய முட்டுக் குடுத்தா. தண்ணி மார்ல வழிஞ்சுது. குடி. நல்லாக் குடி. எவன் வந்தாலும் நீ பாட்டுக்குக் குடி.

கரையில பைக் நிக்கிற சத்தம் கேட்டுது. "கிளீட்டஸ் வீடு... படகு இதுதானா?"ன்னு ஒரு கொரல். வீடுன்னு தொடங்கி படகுன்னு முடிச்சுட்டாரு பாத்தியா, நல்லாப் பாத்துக்கோன்னு டெல்பின் உள்ளுக்குள்ள பல்லக் கடிச்சா. மூணு மாசத்துக்கு முன்னால வி.ஏ.ஓ. வந்தப்ப நிலை வைக்கல, ரெண்டு பலகை சாத்திருந்துது, அந்த மனுசன் செருப்போட தடதடன்னு அடுப்பு வரைக்கும் ஏறி வந்து, "படகுதானே"ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அம்மை அன்னைக்குச் செருப்புத்தடத்த முட்டுக்குத்தி நின்னு தொடச்சா. இப்ப மேல ஷூ சத்தம். நடைப்பலகையில டக், டக், டக். எண்ணிக்கிட்டே கெடந்தா. ஆறு. ஏழு. இனி உள்ள, இனி தலைக்கு மேல. சத்தம் நின்னுது. "வாங்க சார்"ன்னு அம்மைக்க கொரல், மெல்லிசா. பதிலே இல்ல. என்ன செய்யுதாரு? தண்ணியப் பாத்துட்டாரா, திரும்பிப் போறாரா? அப்பொறம் ஒரு தொம். கொஞ்சம் கழிச்சு இன்னொரு தொம். அதுக்கப்பொறம் தலைக்கு மேல விழுந்தது ஷூ சத்தம் இல்ல. மெத்து மெத்துன்னு, சாக்ஸ் போட்ட காலு. மூணாவது அடியில சதக். "என்னம்மா இது, தரையெல்லாம் ஈரம்?"

டெல்பின் பலகையத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சா, தலையிலருந்து கால் வரைக்கும் கருப்பெண்ணெயும் தண்ணியுமா. தாணுமாலயன் ஒரு எட்டு பின்னால வச்சாரு. "ஈரம்தான் சார். தரைக்கட்டத்துல ஈரம்னு எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க. பலகை தண்ணி குடிக்குது, ரெண்டு நாள்ல அடைஞ்சிரும், மூணாம் நாள் வந்து பாருங்க, ஒரு சொட்டு இருந்தா நானே கட்ட அவுத்து விடுதேன்." "இப்படி ஒழுகுறத நான் எப்படிம்மா வீடுன்னு எழுத? இது என்ன இருந்தாலும் ஒரு வண்டி மாதிரிதானே." வண்டி. அடுக்கி வச்ச அத்தனை வாதமும், போர்டுல போட்ட கோடு, நீலத் தகடு, வரி நோட்டீஸ், எல்லாம் ஒரே நேரத்துல வாய்க்கு வந்து முட்டிக்கிட்டு ஒண்ணும் வெளிய வரல. கண்ணு கீழ போச்சு. ஈரச் சாக்ஸ், பழுப்பு நெறம், வலது பெருவிரல்ல ஒரு ஓட்டை. "சார், பஸ்ல ஏறும்போது ஷூவக் கழத்துவீங்களா?" "என்னது?" "போட்டுல ஏறும்போது? ரயில்ல?" "எதுக்குக் கழத்தணும்?" "பின்ன இங்க எதுக்குக் கழத்துனீங்க? யாராவது சொன்னாங்களா?" தாணுமாலயன் அம்மையப் பாத்தாரு. அவரு திரும்பி வாசலப் பாத்தாரு. அயினி நிலை, மஞ்சளும் உப்பும் ஏறின பழைய படி, அதுக்கு அந்தப்புறம் நடைப்பலகை ஓரத்துல அவருக்க ஷூ ரெண்டும், அப்பாக்க ரப்பர் செருப்புக்குப் பக்கத்துல, ஒழுங்கா ஒட்டி ஒட்டி. "நிலையப் பாத்தேன்"ன்னாரு, யாருக்கும் சொல்லாத மாதிரி. "கழத்துனதே தெரியல."

"ஒங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கு சார். பேனாவுக்குத்தான் தெரியல." "டெல்பின்!"ன்னு அப்பா பல்லக் கடிச்சாரு. அம்மை வாசல்பக்கமா எட்டிப் பாத்து, "எளா, தண்ணி ஏறுது, சாருக்க ஷூவ எடுத்து இஞ்ச உள்ள வையி, வீட்டுக்கு வந்தவங்க பொருளு"ன்னா. ஆமா, கால்வாய் கடல்ல சேருற பொழி வழியா கடலேத்தம் வந்துக்கிட்டிருக்கு, நடைப்பலகை நுனிய அலை தொட்டுத் தொட்டுப் போகுது. டெல்பின் அசையல. அசையாச் சொத்து மாதிரி நின்னா. "வீடுன்னு எழுதுனா எடுத்து வைக்கேன்"னா. "வண்டின்னு எழுதுனா, வண்டியில எறங்குறவங்க அவங்கவங்க சாமான அவங்களே பாத்துக்கிடணும்." ஒரு அலை வந்துது. இடது ஷூ லேசா மெதந்து திரும்புச்சு. தாணுமாலயன் ஷூவப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, வாய்க்குள்ள என்னமோ முணங்கிக்கிட்டு ஃபாரத்தத் தொடைமேல வச்சு எழுதுனாரு. எழுதிட்டு தாளத் திருப்பி அவ மூக்குக்கு நேரா பிடிச்சாரு. தரை, ஈரம், மறுபார்வை தேவை. வாசல், கிழக்கு, நிலையுடன். கடைசி வரிய ரெண்டு தடவ வாசிச்சா. அப்பொறம் படியத் தாண்டிப் போயி, ஷூ ரெண்டையும் எடுத்து, நிலைக்கு உள்பக்கமா, சுவரோரத்துல வச்சா. ஒண்ணு முழுசா நனைஞ்சிருந்துது. "சார், வீட்டுக்குப் போனதும் இத வெயில்ல மட்டும் வைக்காதீங்க"ன்னா. "வாயப் பொளந்துக்கிடும்."